ஊசி நின்ற பிறகு

2023 செப்டம்பர். டெல்லி ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கில் மாநிலத் தடகளப் போட்டி. ஆண்கள் 100 மீட்டர் இறுதிச்சுற்றுக்கு எட்டுப் பேர் தகுதி பெற்றிருந்தார்கள். தொடக்கக் கோட்டுக்கு வந்து நின்றவர் ஒரே ஒருவர். ஊக்கமருந்துச் சோதனை அதிகாரிகள் மைதானத்துக்கு வந்துவிட்டார்கள் என்ற செய்தி கசிந்ததும் மற்ற ஏழு பேருக்கும் திடீரென்று உடம்புக்கு முடியாமல் போய்விட்டது. இன்னொரு ஓட்டத்தில் ஓர் இளம் வீராங்கனை, எல்லைக்கோட்டைத் தாண்டிய பிறகும் நிற்காமல் ஓடினார். மாதிரி எடுக்க வந்தவர் பின்னாலேயே துரத்தினார். மைதானத்தின் கழிப்பறையில் பயன்படுத்திப் போட்ட ஊசிகள் கிடந்த காணொளி கைபேசிகளில் சுற்றியது.

நாடு இரண்டு நாள் சிரித்தது. பிறகு மறந்துவிட்டது.

மறக்க முடியாதபடி கணக்கு மட்டும் ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கிறது. உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையான ‘வாடா’ வெளியிட்ட 2024-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, இந்தியாவில் 7,113 மாதிரிகள் சோதிக்கப்பட்டன. 260-இல் தடைசெய்யப்பட்ட மருந்துகள் இருந்தன. நூற்றுக்கு 3.6. அதே ஆண்டில் சீனா 24,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்துக் கண்டது 43. பெரிய அளவில் சோதனை நடத்தும் நாடுகளில் இந்தியா முதலிடத்தில் இருப்பது தொடர்ந்து மூன்றாவது ஆண்டு. 2022-இல் 125, 2023-இல் 213, 2024-இல் 260.

சோதனைகளைக் கூட்டியதால்தான் அகப்படுகிறவர்களும் கூடியிருக்கிறார்கள் என்பது தேசிய முகமையான ‘நாடா’வின் பதில். அதில் பாதி உண்மை உண்டு. ஆனால், எண்ணிக்கைக்குச் சொல்லும் அந்தப் பதில் விகிதத்துக்குப் பொருந்தாது.

2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்தில் நடக்கப்போகிறது. 2036 ஒலிம்பிக்குக்கும் இந்தியா ஆசைப்படுகிறது. அதனால் இந்தப் பட்டியல் தலைகுனிவாகப் பேசப்படுகிறது. பேச்சு முழுவதும் பதக்கம், தடை, மானம் என்ற மூன்றைச் சுற்றியே நடக்கிறது. அகப்பட்டவர்கள் மறுநாள் காலையில் எப்படி எழுந்தார்கள் என்று கேட்பாரில்லை. அது இரக்கம் சார்ந்த கேள்வி மட்டும் இல்லை, மருத்துவம் சார்ந்த கேள்வி. அனபாலிக் ஸ்டீராய்டு என்ற மருந்து, உடம்புக்குள் போகும்போது மனதை ஒரு பக்கம் இழுக்கிறது. நிறுத்தும்போது அதைவிட மோசமான இன்னொரு பக்கம் தள்ளுகிறது. அகப்படும் நாள்தான் பெரும்பாலும் அது நிற்கும் நாள்.

தொட்டியும் மோட்டாரும்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஆஸ்துமாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் டாக்டர் எழுதித்தரும் ஸ்டீராய்டு வேறு. அது ப்ரெட்னிசலோன் வகை. இந்தக் கட்டுரைக்கும் அதற்கும் தொடர்பில்லை, அதைச் சாப்பிடுகிறவர்கள் பயந்து நிறுத்திவிட வேண்டாம். இங்கே பேசப்படுவது ஆண்மைச் சுரப்பான டெஸ்டோஸ்டிரோனும் அதன் செயற்கைச் சொந்தக்காரர்களும்: நாண்ட்ரோலோன், ஸ்டனோசோலால், மெத்தாண்டியனோன் முதலியவை. டெஸ்டோஸ்டிரோனை ஆய்வகத்தில் செய்யும் வழி 1935-இலேயே கண்டுபிடிக்கப்பட்டது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் கனடா வீரர் பென் ஜான்சன் 100 மீட்டரை 9.79 விநாடியில் ஓடி, மூன்று நாளில் தங்கத்தை இழந்தது ஸ்டனோசோலாலால்.

இவை தசையைக் கூட்டும் என்பது பொய்யில்லை. அதனால்தான் விற்கிறது. மறுபக்கத்தைப் புரிந்துகொள்ள வீட்டு மொட்டைமாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொண்டால் போதும். தொட்டி நிரம்பினால் மோட்டார் தானாக நின்றுவிடும் அமைப்பு பல வீடுகளில் உண்டு. உடம்பிலும் அப்படித்தான். இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் போதுமான அளவு இருந்தால், மூளை விந்தகங்களுக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திக்கொள்ளும். வெளியிலிருந்து லாரித் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால், தொட்டி எப்போதும் நிரம்பித் தளும்பும். கிணற்று மோட்டார் மாதக்கணக்கில் ஓடாமல் துருப்பிடிக்கும்.

ஒருநாள் லாரி வருவதில்லை. தொட்டி காலி. மோட்டாரும் எழுந்திருக்க மறுக்கிறது.

அந்த இடைவெளி சிலருக்குச் சில வாரம்; பல ஆண்டு போட்டுக்கொண்டவர்களுக்கு ஓராண்டையும் தாண்டும். அந்த நாட்களில் 22 வயது இளைஞன் ஒருவனின் உடம்பில் முதியவருக்கு இருக்கும் அளவுக்குக்கூட ஆண் சுரப்பு இருக்காது. தூக்கம் கெடும், உடல் ஆசை போய்விடும், எதிலும் பிடிப்பு இருக்காது. கண்ணாடியில் தெரியும் உடம்பு வாரத்துக்கு வாரம் சுருங்கும். ஜிம் வட்டாரத்தில் இதற்கு ‘பி.சி.டி’ என்று ஒரு பெயர் சொல்லி, சுரப்பை மறுபடி கிளப்ப இன்னும் நாலு மாத்திரையை விற்பார்கள். மனம் படும் பாட்டுக்கு அவர்களிடம் பெயரும் இல்லை, மாத்திரையும் இல்லை.

கோபம் எல்லோருக்கும் வருமா?

மனநோய்க்கும் இந்த மருந்துக்கும் உள்ள தொடர்பை முறையாகத் தேடியவர்களில் முதன்மையானவர் அமெரிக்க மனநல மருத்துவர் ஹாரிசன் போப். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மக்லீன் மருத்துவமனையில் பணியாற்றியவர். 1988-இல் அவரும் டேவிட் காட்ஸும், ஸ்டீராய்டு போட்டுக்கொண்ட 41 ஆணழகர்களையும் கால்பந்து வீரர்களையும் நேர்காணல் செய்தார்கள். ஐந்தில் ஒருவருக்கு மேல், மருந்து உள்ளே இருந்த காலத்திலோ நிறுத்திய காலத்திலோ, மருத்துவர்கள் நோய் என்று சொல்லும் அளவுக்கு மனநிலை குலைந்திருந்தது. சிலருக்கு இல்லாத குரல் கேட்டது, இல்லாத சந்தேகம் வந்தது. 1994-இல், போட்டுக்கொள்ளும் 88 பேரையும் போட்டுக்கொள்ளாத 68 பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதும் ஏறக்குறைய அதே விகிதம்தான்: போட்டுக்கொண்டவர்களில் நூற்றுக்கு 23 பேர்.

இதைப் படித்ததும் ஸ்டீராய்டு போட்டவன் எல்லோரும் கத்தியை எடுத்துக்கொண்டு அலைவான் என்று முடிவு கட்டுவது தவறு. அதே போப், 2000-இல் இன்னொரு சோதனை செய்தார். உடல்நலமுள்ள ஆண்களுக்கு, யாருக்கு மருந்து யாருக்கு வெறும் ஊசி என்று தெரியாதபடி, வாரம் 600 மில்லிகிராம் வரை டெஸ்டோஸ்டிரோன் கொடுத்துப் பார்த்தார். முடித்த 50 பேரில் 42 பேருக்குக் குறிப்பிடத்தக்க மாற்றமே இல்லை. ஆறு பேருக்கு லேசான மிதப்பு. இரண்டு பேர் கண்ணெதிரே மாறிப்போனார்கள். பேச்சு, கோபம், துணிச்சல் எல்லாம் எல்லை கடந்தன.

அந்த இரண்டு பேர் யாராக இருப்பார்கள் என்று ஊசி போடுவதற்கு முன் சொல்ல எந்த டாக்டராலும் முடியவில்லை. மேலும் அது மருத்துவமனையில், கணக்கிட்ட அளவில், ஒரே மருந்தை வைத்து, சில வாரங்களுக்கு மட்டும் நடந்த சோதனை. ஜிம்மின் பின்கட்டில் அளவு அதைவிட இரண்டு மடங்கு, மூன்று மடங்கு போகும். இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துப் போடுவார்கள். குப்பிக்குள் இருப்பது மேலே ஒட்டியிருக்கும் பெயர்தானா என்பதே சந்தேகம்.

கோபத்தைவிட ஓசையில்லாத ஒன்று பழக்க அடிமைத்தனம். போட்டுக்கொள்கிறவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் விட முடியாதவர்களாகிறார்கள் என்பது ஆய்வாளர்கள் பொதுவாகச் சொல்லும் மதிப்பீடு. சாராயம்போல உடனடி போதை இதில் இல்லை; ஆகவே அடிமையாவது அவர்களுக்கே தெரிவதில்லை. நிறுத்தினால் சோர்வு வருகிறது, சோர்வு தாங்காமல் மறுபடி ஊசி. இதோடு சேர்ந்து வருவது போப் பெயர் சூட்டிய இன்னொரு மனநோய். எவ்வளவு தசை வளர்ந்தாலும் கண்ணாடியில் தன்னை நோஞ்சானாகவே காண்பது. முதலில் அவர் அதை, எலும்பும் தோலுமாகி நின்றாலும் தன்னைக் குண்டு என்று நம்பிப் பட்டினி கிடக்கும் நோயின் தலைகீழ் என்றே அழைத்தார். வெயில் கொளுத்தும் மே மாதத்திலும் உடம்பு தெரியாமல் இருக்க முழுக்கைச் சட்டைக்குள் ஒளிந்துகொள்ளும் கட்டுமஸ்தான பையனைப் பார்த்தால், அது அடக்கமாக இருக்க வேண்டும் என்பதில்லை.

ஃபின்லாந்தில் ஸ்டீராய்டு போட்டுக்கொண்டதாகச் சந்தேகிக்கப்பட்ட 62 பளுதூக்கும் வீரர்களை 12 ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வொன்று 2000-இல் வந்தது. ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட பொதுமக்களில் நூற்றுக்கு மூன்று பேர் இறந்திருக்க, இவர்களில் நூற்றுக்கு பதின்மூன்று பேர் இறந்திருந்தார்கள். எட்டு மரணங்கள். மூன்று மாரடைப்பு, மூன்று தற்கொலை. ஸ்டீராய்டு இதயத்தைக் கெடுக்கும் என்று எல்லோரும் எச்சரிக்கிறார்கள். இந்தச் சிறிய கணக்கில் இதயமும் மனமும் சமமாக நிற்கின்றன.

டெக்சாஸில் ஒரு பையன்

டெய்லர் ஹூட்டன் டெக்சாஸ் மாநிலத்தின் பிளேனோ நகரில் பள்ளி பேஸ்பால் அணிக்குப் பந்து வீசியவன். உயரமானவன், நல்ல மாணவன், வசதியான குடும்பம். அடுத்த ஆண்டு அணியில் இடம் வேண்டுமானால் உடம்பை ஏற்ற வேண்டும் என்று ஒரு பயிற்சியாளர் சொன்னதாக அவனுடைய தந்தை டான் ஹூட்டன் பின்னாளில் சொன்னார். ஸ்டீராய்டு ஊசியில் உடம்பு ஏறியது. கூடவே சிடுசிடுப்பும் பொய்யும் சுவரைக் குத்தும் கோபமும் வந்தன. பெற்றோர் கவனித்தார்கள், மனநல மருத்துவரிடமும் அழைத்துப் போனார்கள். ஊசியை நிறுத்தினான். 2003 ஜூலையில், 17 வயதில், தன் உயிரை மாய்த்துக்கொண்டான்.

அவனைக் கவனித்த எல்லோரும் நல்லவர்கள். மருந்தை நிறுத்திவிட்டால் பிரச்சினை முடிந்தது என்று எவரும் நினைக்கத்தான் செய்வார்கள். நிறுத்திய பிறகு வரும் வாரங்கள்தான் மிக ஆபத்தானவை என்பதைச் சொல்ல அந்த வீட்டைச் சுற்றி ஆளில்லை.

2005 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் டான் ஹூட்டன் சாட்சி சொன்னார். கலிஃபோர்னியாவில் 24 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்ட இன்னொரு பேஸ்பால் வீரரின் பெற்றோரும் அன்று பேசினார்கள். அதே நாளில், அதே அறையில், கோடி கோடியாகச் சம்பாதித்த பேஸ்பால் நட்சத்திரங்களும் விசாரிக்கப்பட்டார்கள். மறுநாள் பத்திரிகைகளின் முதல் பக்கத்தைப் பிடித்தவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

டெக்சாஸ் மாநிலம் பிறகு பள்ளி மாணவர்களுக்கே ஊக்கமருந்துச் சோதனையைக் கொண்டுவந்தது. பல ஆயிரம் பிள்ளைகளைச் சோதித்து, பெரும் பணம் செலவழித்து, அகப்பட்டவர்கள் மிகச் சிலரே. 2015-இல் திட்டம் மூடப்பட்டது. சோதனை வேண்டாம் என்பதற்கு இது சான்றாகாது. சோதனைக் குப்பி ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இந்த நோயைத் துரத்த முடியாது என்பதற்குப் போதுமான சான்று.

அரசே ஊட்டிய மாத்திரை

தனி ஆளின் பேராசைதான் காரணம் என்று நினைக்கிறவர்கள் கிழக்கு ஜெர்மனியைப் பார்க்க வேண்டும். அங்கே 1974 முதல் ரகசிய அரசுத் திட்டமாகவே ஸ்டீராய்டு நடந்தது. ஓரல் டூரினபால் என்ற நீல மாத்திரையை வைட்டமின் என்று சொல்லி, பள்ளிப் பருவத்துப் பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சியாளர்கள் கொடுத்தார்கள். சுமார் 10,000 பேர் இதற்கு ஆளானதாக மதிப்பீடு.

அவர்களில் ஒருவர் ஹைடி க்ரீகர். 16 வயதில் மாத்திரை தொடங்கியது. 1986-இல் ஸ்டட்கார்ட்டில் 21.10 மீட்டர் குண்டெறிந்து ஐரோப்பிய சாம்பியன் ஆனார். அந்த ஓர் ஆண்டில் அவர் உடம்பில் சென்ற ஸ்டீராய்டு சுமார் 2,600 மில்லிகிராம் என்று பின்னர் வெளிவந்த ஆவணங்கள் காட்டின. குரல் கனத்தது, முகத்தில் முடி வளர்ந்தது, மனம் ஒரு நாள் உச்சத்திலும் மறுநாள் பாதாளத்திலும் கிடந்தது. தெருவில் போனால் கேலி. ஆட்டம் முடிந்த பிறகு வாழவே பிடிக்காத கட்டத்துக்குப் போய் மீண்டார்.

1997-இல் அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஆந்திரேயாஸ் க்ரீகர் ஆனார். பாலினம் பற்றிய குழப்பம் தனக்கு முன்பே இருந்ததை அவர் மறைத்ததில்லை. அந்த முடிவைத் தானே எடுக்கும் உரிமையை மாத்திரைகள் பறித்துவிட்டன என்பதே அவருடைய குறை. 2000-இல் பெர்லினில் விளையாட்டுத் தலைவர் மான்ஃபிரெட் ஏவால்டும் மருத்துவர் மான்ஃபிரெட் ஹோப்னரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. தண்டனையோ நிறுத்திவைக்கப்பட்ட சிறை. ஒருநாள்கூட உள்ளே போகவில்லை. அந்த வழக்குக்குச் சாட்சி சொல்ல வந்த முன்னாள் நீச்சல் வீராங்கனை உடே க்ரவுஸை அங்கேதான் க்ரீகர் சந்தித்தார். அவருக்கும் அதே மாத்திரை. உண்பதும் வாந்தியெடுப்பதுமான நோயோடு பல ஆண்டு போராடியவர். இருவரும் மணம் செய்துகொண்டார்கள். வழக்கு உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதானோ என்று தோன்றுகிறது.

ஜெர்மனி அரசு 2002-இலும் மறுபடி 2016-இலும் சட்டம் போட்டு, பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் சுமார் 10,000 யூரோ கொடுத்தது. தொகை பெரிதில்லை. ஆனால், அந்த வீரர்களைக் குற்றவாளிகள் என்று அழைக்காமல், பாதிக்கப்பட்டவர்கள் என்று ஓர் அரசு எழுதிக்கொடுத்தது.

இங்கே என்ன நடக்கிறது?

இந்தியாவில் மாத்திரையை அரசு கொடுப்பதில்லை. ஆனால், பதக்கத்துக்கு இங்கே இருக்கும் விலையை யோசிக்க வேண்டும். மாநில, தேசிய அளவில் ஒரு சான்றிதழ் என்றால் கல்லூரியில் இடம். தேசியப் பதக்கம் என்றால் ரயில்வேயிலோ காவல்துறையிலோ ராணுவத்திலோ வேலை. அப்பா கூலிக்குப் போகும் வீட்டில் விநாடியில் பத்தில் ஒரு பங்கு, மொத்தக் குடும்பத்தின் தலையெழுத்தை மாற்றும். அந்த வீட்டுப் பிள்ளையிடம் நேர்மை பற்றி வகுப்பெடுக்கும் அருகதை யாருக்கு என்று தெரியவில்லை.

2011-இல் இந்தியாவின் 4x400 மீட்டர் தொடரோட்டப் பெண்கள் வரிசையாக அகப்பட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் டெல்லி காமன்வெல்த்திலும் குவாங்சோ ஆசியப் போட்டியிலும் தங்கம் வாங்கியிருந்தது அந்த அணி. உக்ரைன் பயிற்சியாளர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். 2019-இல் தோஹாவில் 800 மீட்டரில் ஆசியத் தங்கம் வென்ற திருச்சி முடிகண்டத்தின் கோமதி மாரிமுத்துவைத் தமிழ்நாடே தூக்கி வைத்துக் கொண்டாடியது. நாண்ட்ரோலோன் சோதனையில் தேறாமல், தங்கம் பறிக்கப்பட்டு, நான்கு ஆண்டு தடை வந்தது. தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்று அவர் மறுத்தார். மாலை போட வந்த கூட்டத்தில் எத்தனை பேர் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் எட்டிப்பார்த்தார்கள்?

தடை என்ற சொல்லுக்குள் இருப்பதைப் பொதுவாசகர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். அனபாலிக் ஸ்டீராய்டுக்கு வழக்கமான தண்டனை நான்கு ஆண்டு. கடிதம் வந்த அன்றே தற்காலிகத் தடை. போட்டிகள் மட்டும் இல்லை. தடைக் காலத்தில் அணியோடு பயிற்சி கிடையாது, சங்கத்தின் மைதானமும் முகாமும் கிடையாது. விடுதி அறையைக் காலி செய்ய வேண்டும். பெயர் இணையத்தில் வெளியாகும். வாங்கியிருந்த வேலை போகும், அல்லது வரவிருந்த வேலை வராது. தடை வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. நேர்மையாக ஓடி நான்காவதாக வந்தவருக்கு வேறு நியாயம் கிடையாது. ஆனால் நேரத்தைப் பாருங்கள்: மருந்து நின்று சுரப்பு வறண்டு மனம் பள்ளத்தில் விழும் அதே வாரத்தில் நண்பர்கள், மைதானம், வருமானம், மரியாதை அனைத்தையும் மொத்தமாகப் பிடுங்கி, ஓர் இருபது வயதுப் பிள்ளையைத் தனியாகப் பேருந்து ஏற்றி ஊருக்கு அனுப்புகிறோம்.

பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் நிலை இன்னும் மோசம். 2012-க்குப் பிறகு உலகம் முழுவதும் அகப்பட்ட சிறார் 1,400-க்கும் மேற்பட்டவர்கள் என்றும், அவர்களில் மிக இளையவருக்கு 12 வயது என்றும் 2024 ஜனவரியில் வாடா அறிவித்தது. ரஷ்யாவுக்கு அடுத்து அதிகம் இந்தியச் சிறார்கள். அகப்பட்ட பிறகு அந்தப் பிள்ளைகள் படும் மனக்காயத்தையும் தனிமையையும் அந்த அறிக்கையே ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதற்கு மேல் இங்கே எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை.

வெளியே செய்து பார்த்தவை

ஸ்வீடன் 1993-இல் ஒரு தொலைபேசி எண்ணைத் திறந்தது. பெயர் சொல்ல வேண்டாம். ஊக்கமருந்து பற்றி எதைக் கேட்டாலும் மருத்துவத் துறையினர் பதில் சொல்வார்கள். ஆயிரக்கணக்கில் அழைப்புகள் வந்தன. அழைத்தவர்களில் பெரும்பாலோர் ஒலிம்பிக் வீரர்கள் இல்லை; ஜிம் பையன்கள், அவர்களுடைய அம்மாக்கள், காதலிகள். நெதர்லாந்தின் ஹார்லெம் நகர மருத்துவமனை ஒன்றில் ஸ்டீராய்டு போட்டுக்கொள்கிறவர்களுக்கென்றே வெளிநோயாளர் பிரிவு நடக்கிறது. உபதேசம் இல்லை, காவல்துறைக்குச் சொல்வது இல்லை. இரத்தம் எடுத்து, பேசி, நிறுத்த விரும்புகிறவருக்குத் துணை நிற்கிறார்கள்.

அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்தில் 1990-களில் பள்ளிக் கால்பந்து அணிகளில் செய்து பார்த்தது வேறு வழி. பயமுறுத்தல் வேலைக்கு ஆகாது என்று அவர்கள் முதலிலேயே கண்டுகொண்டார்கள்; கெடுதலை மட்டும் சொன்னால் பையன்கள் நம்புவதில்லை, ஏனென்றால் பக்கத்தில் ஒருவன் போட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறான். ஆகவே, மருந்து தசையைக் கூட்டும் என்பதை ஒப்புக்கொண்டு, அதன் விலையையும் சொல்லி, சாப்பாட்டிலும் பயிற்சியிலும் அதே பலத்தை எப்படிப் பெறுவது என்று கற்றுக்கொடுத்தார்கள். பாடம் எடுத்தவர்கள் சக ஆட்டக்காரர்களே. போட்டுக்கொள்ளும் எண்ணம் குறைந்தது.

இனி செய்ய வேண்டியவை

முதலாவது, செலவே இல்லாதது. நாடாவின் முதல் கடிதத்தோடு ஒரு மனநல ஆலோசகரின் பெயரும் சேர்ந்து போக வேண்டும். அவர் அன்றே அழைத்துப் பேச வேண்டும். ஆறு மாதமாவது தொடர வேண்டும். அவரிடம் சொல்வது எதுவும் விசாரணையில் சாட்சியாகாது என்ற எழுத்துபூர்வமான உறுதி இல்லாமல் இது நடக்காது. கடிதம் கிடைத்தவர் வாயைத் திறக்கப் பயப்படுவார்.

விளையாட்டு விடுதிகள், அகப்பட்ட பிள்ளையை அன்றிரவே வெளியேற்றும் வழக்கத்தை விட வேண்டும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் இதில் முன்மாதிரி காட்டலாம்: சிறாராக இருந்தால் பெற்றோரை வரவழைத்து, மருத்துவரைப் பார்க்கவைத்து, கையில் ஒப்படைக்க வேண்டும். சுரப்பு மருத்துவரும் மனநல மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டிய நோய் இது; ஒருவர் மட்டும் போதாது.

ஒரு சிறார் அகப்பட்டால் பயிற்சியாளரைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். ஊசி பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தானாக வந்து சேர்வதில்லை. இந்த மருந்துகள் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை என்று குப்பியிலேயே அச்சிட்டிருக்கிறது. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஜிம்களைச் சுற்றியுள்ள கடைகளில் அதைச் சரிபார்க்க ஒரு வாரம் போதும்.

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுகளில் ஒரு கேள்வியைச் சேர்க்கலாம். காரணமில்லாக் கோபம், சோர்வு, தூக்கமின்மை என்று வரும் இளைஞரிடம், குடிக்கிறீர்களா, புகைக்கிறீர்களா என்று கேட்கும் அதே மூச்சில், உடம்பு ஏற்ற ஊசி போடுகிறீர்களா என்றும் கேட்க வேண்டும். கேட்காததால் சொல்லாமல் போகிறவர்கள் பலர். மத்திய அரசின் டெலி மானஸ் தொலைபேசி ஆலோசகர்களுக்கும் இந்த மருந்தைப் பற்றித் தனிப் பயிற்சி வேண்டும். ஸ்வீடன் முப்பது ஆண்டுக்கு முன் செய்ததைச் செய்ய இங்கே புதிய அலுவலகம்கூடத் தேவையில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஆறே வாரத்தில் பையனின் தோளும் கழுத்தும் பருத்து, முதுகில் பருக்கள் கிளம்பி, முன்பு சிரித்துவிட்டுப் போன பேச்சுக்கு இப்போது கதவை அறைகிறான் என்றால், தட்டில் கூடுதலாக முட்டை வைத்துப் பெருமைப்படுவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்து கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள். அவன் ஒப்புக்கொண்டு ஊசியை நிறுத்தினால் நிம்மதியடைந்துவிடாதீர்கள். அடுத்த சில மாதங்கள் அவனைத் தனியே விடாதீர்கள், டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அந்தச் சோர்வு நோய். சிகிச்சைக்குக் கட்டுப்படும் நோய்.

ஊசி போட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் இதைப் படிக்கிறார் என்றால், அல்லது நிறுத்திவிட்டு இருட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்றால், டெலி மானஸ் எண் 14416. தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது, இரவு இரண்டு மணிக்கும் எடுப்பார்கள்.